சுடுகாட்டுச் சுவருக்குப் பொன்மொழி

ஜூன் 9, திங்கள்

கடையில பிளெக்ஸ் மிஷினோட பிரிண்ட் ஹெட் மறுபடி அடைச்சுக்கிட்டு. காலைல இருந்து சால்வெண்ட் ஊத்தி ஊத்திக் கழுவுனேன். முன்னாடி இந்த நாத்தம் மூக்குல ஏறுனா தலை வலிக்கும். இப்ப அதுகூட இல்ல.  சோத்துலயும் அதே வாடை, தலையணையிலயும் அதே வாடை.

அதுக்கு நடுவுல மூணு பேனர் அடிச்சேன். ஒரு பூப்புனித நீராட்டு விழா, ஒரு புரோட்டா கடைத் திறப்பு, ஒரு கண்ணீர் அஞ்சலி. மூணுக்கும் ஒரே ரோஜாப்பூ. கம்ப்யூட்டர்ல அந்த ரோஜா இருக்க ஃபோல்டரத் திறந்தாலே எரிச்சலா வருது. அந்தச் சனியன் வாடவே வாடாது.

சாயங்காலம் ராஜதுரை அண்ணாச்சி, எங்க முதலாளி, புது ஆர்டரோட வந்தாரு. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்க மயானத்த ஒரு கமிட்டி போட்டுப் புதுப்பிக்காவ. சுத்துச்சுவர், ஆளுங்க உக்காரக் கொட்டகை, எரிமேடை, எல்லாம் புதுசு. கொட்டகைச் சுவர் பூரா பொன்மொழிப் பலகை வேணுமாம். வாழ்க்கைன்னா என்ன, எப்படி வாழணும், நாளைக்கு வரதை எப்படி நம்பணும் – இந்த மாதிரி.

"நீ பண்ணா கொஞ்சம் உணர்ச்சியோட இருக்கும் மக்கா"ன்னாரு.

அவரு மூஞ்சியப் பாத்தேன். குத்திக் காட்டல. நிசமாவே நல்லதுதான் சொல்லுதோம்னு நெனைக்காரு. அதான் இன்னும் குமட்டுது.

மார்ச்ல அபிதாவ அங்கனதான் எரிச்சோம். என் பொண்டாட்டி. காலைல தலை வலிக்குன்னா. சாயங்காலம் இல்ல. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சதுன்னு சொன்னாவ. அவ்வளவுதான்.

சரின்னுட்டேன். மாட்டேன்னு சொன்னா ஏன்னு சொல்லணும்.

ஜூன் 10

இன்னைக்கு ஒண்ணும் இல்ல. சாப்பிட்டேன்னு நெனைக்கேன்.

ஜூன் 12, வியாழன்

அளவு எடுக்கப் போனேன். டிப்ளமோ EEE. வயரிங் லேஅவுட் போடப் படிச்சவன், சுடுகாட்டுச் சுவர டேப் போட்டு அளக்கேன். எங்க பாலிடெக்னிக் சார் பாத்தா சந்தோசப்படுவாரு.

தகரக் கூரைக்குக் கீழ ரெண்டு எரிமேடை. கிழக்க ஒண்ணு, மேக்க ஒண்ணு. பழைய செங்கல எல்லாம் பேத்து எடுத்துட்டுப் புதுசாக் கட்டியிருக்காவ. இன்னும் பூசல. சிவப்பா, பச்சப் புண்ணு மாதிரி இருக்கு.

கொத்தனாரு சங்கரசுப்பு. வேலை மொத்தமும் அவரு பொறுப்புதான். கூட ரெண்டு சித்தாள் பொம்பளைய. சேலைக்கு மேல ஆம்பளச் சட்டை போட்டு, தலைல துண்டு கட்டியிருந்தாவ. நான் போனது அவங்க சாப்பாட்டு நேரம். ஒருத்தி கிழக்கு மேடையில முதுகச் சாச்சு உக்காந்து ஊறுகாயத் தொட்டுத் தொட்டுத் தயிர்ச்சோறு தின்னுக்கிட்டு இருந்தா. இன்னொருத்தி போன்ல எதையோ பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தா.

சுவருக்கு வெளிய போய் வாந்தி எடுத்தேன். வந்தது வெறும் டீ. சங்கரசுப்பு தண்ணி கொண்டாந்து குடுத்தாரு. "வெயிலு"ன்னாரு. அந்த மனுசன் வெயிலுன்னு மட்டும் சொன்னது நல்லதாப் போச்சு.

அன்னைக்கு நான் எங்கன நின்னேன்? யோசிச்சுப் பாத்தேன். வரல. கொள்ளி வச்சவன் நான். கை சுட்டது ஞாபகம் இருக்கு. மத்தது வெள்ளைத் தாளு.

ஜூன் 13, வெள்ளி

மத்தியானம் அத்தை வீட்டுல சாப்பாடு. அபிதாவோட அம்மா, முருகம்மாள். பக்கத்துத் தெரு. விசைத்தறிக்கு நூல் சுத்திக் குடுக்கிற வேலை. தறிச் சத்தத்துலயே இருந்து இருந்து வீட்லயும் கத்தித்தான் பேசுவாவ. இப்ப அந்தக் கத்தலும் இல்ல. மாமா போய் ரொம்ப நாளாச்சு. பெத்தது ஒத்தப் பிள்ளை.

பலகை விசயம் எப்படியோ தெரிஞ்சிருக்கு. சோறு போட்டுக்கிட்டே கேட்டாவ, "அங்கன போனியளாமே."

ம்னேன்.

"மரம் உண்டா?"

"உண்டு."

"என்ன மரம்?"

பாக்கல அத்தைன்னேன். எனக்குப் பிடிக்காத அவரைக்காயப் பெறவும் ஒரு கரண்டி வச்சாவ.

அத்தை அந்த எடத்தப் பாத்தது கிடையாது. பொம்பளைய சுடுகாட்டுக்கு வாற வழக்கம் இல்லல்லா. அன்னைக்குத் தெருமுக்கோட நிறுத்திட்டாவ. நாலு பேரு பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய் தலைக்குத் தண்ணி ஊத்தியிருக்காவ. நான் திரும்பிப் பாக்கல. பாக்கக் கூடாதுன்னு சொன்னாவ, பாக்கல. எல்லாம் சொன்னபடி செஞ்சேன், நல்ல ஸ்டூடண்ட் மாதிரி.

ஜூன் 16, திங்கள்

கமிட்டிச் செயலாளர் ஆவுடையப்பன் அண்ணாச்சி வாட்ஸப்ல பொன்மொழி அனுப்ப ஆரம்பிச்சிட்டாரு. மனுசன் ஏதோ ஆன்லைன் வகுப்புல சேந்திருக்காரு. வாழ்க்கையைப் புதுப்பிக்கிற வகுப்பாம். அங்கன சொல்லிக் குடுக்கிறது அப்படியே எனக்கு வருது.

"நிச்சயமின்மையை நம்பு. அதுவே வாழ்வின் அழகு."

"இழந்ததை எண்ணாதே, இருப்பதைக் கொண்டாடு."

"உன் படைப்பாற்றலைத் தினமும் காலையில் தட்டி எழுப்பு."

கடைசியப் பாத்துட்டுப் போன் பண்ணுனேன். அண்ணாச்சி, இது சுடுகாடு, இங்கன யாரத் தட்டி எழுப்பச் சொல்லுதியன்னு கேட்டேன். அவரு கோவப்படல. சிரிச்சாரு.

"பலகை உசுரோட இருக்கவனுக்குத்தான வே. செத்தவனா வாசிக்கப் போறான்?"

 அவரு சொன்னது சரியா இருந்ததுதான் அருவருப்பா இருக்கு. சரியா இருக்க எதுவும் இப்ப எனக்கு ஆகல.

ஜூன் 17

இருப்பதைக் கொண்டாடு. இருக்கது: ஒரு குக்கர், ஒரு பைக்கு, சீப்புல சுத்திக்கிட்டு இருக்க அவ முடி.

ஜூன் 19, வியாழன்

பத்துப் பலகை முடிச்சிட்டேன். சூரியன் மறையுத படம், அதுக்கு மேல மஞ்ச எழுத்து, எழுத்துக்குக் கறுப்பு நிழல். பத்தும் ஒரே சூரியன். திருப்பிப் போட்டேன், கலர மாத்துனேன், போதும். அண்ணாச்சி பாத்துட்டுப் பிரமாதம்னுட்டாரு.

முன்ன இப்படிப் பண்ண மாட்டேன். பேர கையால எழுதி ஸ்கேன் பண்ணிப் போடுவேன். கல்யாண பேனர்ல மாப்பிள்ளை மூக்க லேசாச் சரி பண்ணக்கூட ஒரு மணி நேரம் உக்காருவேன். அபிதா கடைக்கு வந்தா ஸ்கிரீனப் பாத்துட்டு, "இதுல காத்தே இல்லயே"ன்னுவா. ஒரே நெரிசலா இருக்குங்கறது அவ கணக்கு. மாத்துவேன். இப்ப அவ சொன்னது ஞாபகம் வந்தா, காத்தும் வேண்டாம் ஒரு மயிரும் வேண்டாம்னு இருக்கு.

அண்ணாச்சி டீ வாங்கிக் குடுத்துட்டு ஆரம்பிச்சாரு. "ஏலே, வயசு இருக்கு. மனச வேற பக்கம் திருப்பு. எங்க சொந்தத்துலயே ஒரு பிள்ளை…"ன்னாரு. டம்ளர வச்சிட்டு எந்திரிச்சுட்டேன். பின்னாடி ஒரு கஸ்டமர் நின்னுக்கிட்டு இருந்தான். அவனும் பங்குக்கு, எல்லாம் நல்லதுக்குத்தான் தம்பிங்கான். அவன யாருன்னே எனக்குத் தெரியாது. மாட்டு டாக்டர் கடைக்கு போர்டு அடிக்க வந்தவன்.

ஆளாளுக்குக் கழுத்துல ஒரு பலகைய மாட்டிக்கிட்டு அலையுதாவ. எதிர்ல நின்னு வாசிக்கதுக்கு நான் ஒருத்தன்.

ஜூன் 22, ஞாயிறு

இன்னைக்கு நடந்தத எழுதணுமா? எழுதுதேன்.

சாப்பிடப் போனப்ப அத்தை மறுபடி கேட்டாவ. அங்கன எப்படி இருக்கும், உள்ள போனா முதல்ல என்ன தெரியும், வெயில் அடிக்குமா. போன்ல எடுத்த போட்டோவக் காட்டுனேன். சுவர் அளவுக்காக எடுத்தது. சிமெண்டு மூட்டையும் என் நிழலும்தான் இருந்துது. அத்தை ரெண்டு விரலால பெருசாக்கிப் பாத்தாவ. "இதுல எடம் எங்கன இருக்கு?"ன்னாவ.

எரிச்சல்ல தான் ஆரம்பிச்சேன். கறி வெட்டிப் போட விரிக்கட்டும்னு நான் முன்னாடி கடையில இருந்து கொண்டாந்து குடுத்த வீணான பிளெக்ஸ் துண்டு கிடந்துது. பின்பக்கம் வெள்ளை. மார்க்கர எடுத்து, வயரிங் டிராயிங் போடுத மாதிரி மேல இருந்து பாத்தா தெரியுதத வரைஞ்சேன். இது கேட், இது கொட்டகை, இது தண்ணித் தொட்டி. அத்தைக்கு அது பிடிபடல. "நான் என்ன கருடனா, மேல இருந்து பாக்க? நடந்து போனா எப்படித் தெரியும், அத வரைங்க"ன்னாவ.

திருப்பி வரைஞ்சேன். கேட்டுக்கிட்ட நிக்கவன் கண்ணுக்குத் தெரியுத மாதிரி.  கோடு கோணலாப் போச்சு. அத்தை பக்கத்துல குத்த வச்சு உக்காந்து, மூச்சு விடாமப் பாத்துக்கிட்டு இருந்தாவ. கூரை, தூணு, ரெண்டு மேடை.

"எதுல?"ன்னாவ.

மார்க்கர் அந்தரத்துல நின்னுட்டு.

ரெண்டு மேடை. கிழக்கயா மேக்கயா? என் கையால தீ வச்சேன். எனக்குத் தெரியல. எவ்வளவு முக்கிப் பாத்தும் புகைதான் வருது. நானா புருசன்? ஏதாவது ஒண்ணத் தொட்டுக் காட்டியிருக்கலாம். நம்பியிருப்பாவ. வாயில வரல.

தெரியல அத்தைன்னேன்.

அவங்க ஏசல. ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். எந்திரிச்சுப் போய் அடுப்பப் பத்த வச்சாவ. அதுல வைக்க ஒண்ணும் இல்ல. சும்மா எரிஞ்சுது.

ஜூன் 23, திங்கள்

அண்ணாச்சிட்ட கேட்டேன். அவரு அன்னைக்குக் கூட நின்னவரு. "கிழக்க இருக்கதுலல்லா"ன்னாரு, சந்தேகமே இல்லாம. எங்க அப்பாவுக்குப் போன் பண்ணுனேன். பனவடலிசத்திரத்துல இருக்காரு. அவரும் சந்தேகமே இல்லாமத்தான் சொன்னாரு, மேக்கன்னு. இன்னும் ரெண்டு பேருட்ட கேட்டேன். ஆளுக்கு ஒண்ணு. ஒருத்தன், அதெல்லாம் இப்ப எதுக்குலே கிளறிக்கிட்டுங்கான்.

அத்தன ஆம்பளைய போனோம். ஒருத்தனும் பாக்கல.

பழைய செங்கலும் போயிட்டு. இனி அங்கன போய் மோந்து பாத்தாலும் தெரியாது.

ஜூன் 25, புதன்

பலகை மாட்டக் கம்பி அடிக்கதுக்கு அங்கன போனேன். வேலை முடிஞ்சும் வரல. கேட்டுல இருந்து உள்ள வரைக்கும் நடந்து பாத்தேன், தோள்ல பாரம் இருக்க மாதிரி. ஒண்ணும் வரல. வாற வழியில கருவேலம் நிக்கு, உள்ள ஒரே ஒரு வேம்பு, அதுவும் பாதி மொட்டை. இத மட்டும் நல்லாப் பாத்து வச்சுக்கிட்டேன். தகரத்துல எங்கன ஓட்டை இருக்கு, வெயில் எந்தப் பக்கம் விழுது, எல்லாம்.

சங்கரசுப்பு அலுத்துக்கிட்டு இருந்தாரு. சித்தாள்ல ஒருத்தி தங்கச்சி பிரசவத்துக்குப் போயிட்டாளாம். செயலாளர் வேற திறப்பு விழாவுக்குத் தேதி வச்சுட்டாரு. மேடைப் பூச்சு அப்படியே கிடக்கு.

அத்தைட்ட வேம்பப் பத்திச் சொல்லும்போது இதும் வாயில வந்துட்டு. அத்தை கைய நிறுத்திட்டு என்னப் பாத்தாவ.

"பொம்பளையளா வேலை பாக்காவ? உள்ளயா?"

"ஆமா."

"அவளுகள எப்படி விட்டாவ?"

"அவங்க வேலைக்கு வந்தவங்கல்லா அத்தை."

அத்தை எந்திரிச்சாவ. தட்டக் கழுவி வச்சிட்டு வந்து, "உங்க பழைய சட்டை ஒண்ணு இருந்தா குடுங்க மருமவனே"ன்னாவ.

ஜூன் 26, வியாழன்

சித்தாளா அங்கன வாறேங்காவ. வேண்டாம்னு சொன்னேன். ஊரு என்ன பேசும்னு சொன்னேன். சொல்லும்போதே என் வாய எனக்குப் பிடிக்கல. அன்னைக்குத் தெருமுக்குல அவங்களப் பிடிச்சு இழுத்தவங்க சொன்னதும் இதான இருக்கும்.

சட்டையக் குடுத்தேன். நீலக் கட்டம் போட்டது.

ஜூன் 28, சனி

சங்கரசுப்புட்ட விசயத்தச் சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். மறைச்சுக் கூட்டிட்டுப் போய் அந்த ஆள மாட்டி விடக் கூடாதுல்லா. அவரு அத்தைய ஒரு தடவை பாத்தாரு. "எனக்கு சட்டி தூக்க ஆள் வேணும். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது"ன்னாரு.

அத்தை கேட்டுக்கிட்ட ஒரு நொடி நின்னாவ. சேலைக்கு மேல என் சட்டை, தலைல துண்டு. யாரோ மாதிரி இருந்துது. உள்ள போனதும் எதையும் தேடல. நேரா மணல் கிடக்கிற எடத்துக்குப் போய்ச் சட்டிய எடுத்துட்டாவ. நான்தான் நின்னுக்கிட்டு இருந்தேன், கைல டிரில்லிங் மிஷினோட, எதைப் பாக்கன்னு தெரியாம.

காலைல பூரா கலவை சுமந்தாவ. நூல் சுத்துத கை. பழக்கம் இல்ல. கழுத்து நடுங்குனது எனக்குத் தெரிஞ்சுது. சங்கரசுப்பு ரெண்டு மேடையும் பூசிட்டு, கடைசியா சிமெண்டுத் தண்ணிய ஊத்தி மேல தேய்க்கப் போனாரு. அப்பதான் அத்தை முதத் தடவையா வாயத் திறந்து, அத நான் செய்யட்டான்னு கேட்டாவ. அவரு துணியக் கைல குடுத்துட்டு ஒதுங்கிட்டாரு.

கிழக்கு மேடையத் தேய்ச்சாவ. தலைமாட்டுல இருந்து கால்மாடு வரைக்கும், பைய, ஒரே சீரா. பிள்ளைக்கு எண்ணெ தேய்ச்சு விடுத மாதிரின்னு எழுத வருது. எழுதல. மேடையத்தான் தேய்ச்சாவ. அத மட்டும்தான் நான் பாத்தேன்.

அது முடிஞ்ச நேரம் செயலாளர் ஸ்கூட்டர் வந்து நின்னுது. ஆவுடையப்பன் அண்ணாச்சி என் பலகையப் பாக்கத்தான் வந்தாரு. வந்தவரு கண்ணு அத்தை மேல போச்சு. துண்டு கட்டியிருந்தும் அடையாளம் தெரிஞ்சுட்டு. ஊருக்குள்ள ஒரே தெரு வழியா எத்தன வருசமாப் போறவரு.

"ஏம்மா, நீ முருகம்மாதான? பெத்தவ இங்கன வரலாமா?"

அத்தை திரும்பல. வாளியத் தூக்கி மேக்கு மேடைக்கிட்ட வச்சாவ.

"நான் வேலைக்கு வந்திருக்கேன் அண்ணாச்சி. இன்னும் ஒண்ணு பாக்கி கிடக்கு. சிமெண்டு காஞ்சிரும்."

அண்ணாச்சி சங்கரசுப்பப் பாத்தாரு. அவரு கரண்டியக் கழுவிக்கிட்டே, ஆள நான்தான் கூப்பிட்டேன், நிறுத்தணும்னா சொல்லுங்க, எல்லாத்தையும் நிறுத்திட்டு வீட்டுக்குப் போறோம்னாரு. திறப்பு விழாத் தேதி அண்ணாச்சி கண்ணுல ஓடுனது தெரிஞ்சுது. பெறகு எம்பக்கம் திரும்புனாரு.

"படிச்சவரு, நீரு சொல்லும் வே."

எனக்கு என்னென்னமோ சொல்ல வந்துது. அவரு அனுப்புன பொன்மொழி ஒவ்வொண்ணையும் எடுத்து அவரு வாயிலயே திணிக்கணும் போல வந்துது.  டிரில்லிங் மிஷினக் கீழ வச்சேன். தொட்டியில தண்ணி மோந்து கொண்டாந்து அத்தை வாளியில ஊத்துனேன்.  அண்ணாச்சி போன் வந்த மாதிரி எடுத்துக் காதுல வச்சுக்கிட்டு வெளிய போனாரு. போன் அடிக்கல.

அத்தை மேக்கு மேடையையும் தேய்ச்சாவ. அதே மாதிரி. முன்னத விடக் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அதுதான் என்னய என்னமோ பண்ணுச்சு. ஒண்ணுல கூடப் பாசமும் இன்னொண்ணுல கொறச்சலும் இருக்கும்னு நான் எதிர்பாத்துக்கிட்டே நின்னிருக்கேன், பாத்துக் கண்டுபிடிச்சுரலாம்னு.

கை கழுவிட்டு வந்து எங்கிட்ட சொன்னாவ:

"ரெண்டும் ஆச்சு மருமவனே. இனி எதுன்னு நீங்க தேட வேண்டாம்."

பைக்குல திரும்புனோம். தண்டவாளத்துல கேட் போட்டுட்டான். ரயிலு போற வரைக்கும் நின்னோம். வீட்டு வாசல்ல கால் கழுவும்போதுதான் அழுதாவ. தறிச் சத்தத்த மீறிக் கத்துவாங்களே, அந்தக் குரல்ல. தெருவே எட்டிப் பாத்துது. பாக்கட்டும்.

எனக்குப் பசிச்சுது. அந்த நேரத்துல பசிக்கேன்னு என் மேலயே வெறுப்பா இருந்துது. ஆனாலும் பசிச்சுது.

ஜூன் 29

சிமெண்டும் சால்வெண்டும் சேந்து கை தடிச்சுப் போச்சு. அத்தை கோயில் புத்துமண்ணக் குழைச்சுத் தடவச் சொன்னாவ. அவங்க கை என் கையவிட மோசம்.

ஜூன் 30, திங்கள்

அந்தப் படத்த முடிச்சேன். கருவேலம், மொட்டை வேம்பு, தகரத்து ஓட்டை வழியா விழுத வெயில் – அது வரைய வரல. வெயில எப்படிக் கறுப்பு மார்க்கர்ல வரைய? சுத்திக் கறுப்பாக்கி நடுவுல வெள்ளைய விட்டேன். ரெண்டு மேடையிலயும் ஒரு அடையாளமும் போடல. நிறைய வெள்ளை இருக்கு படத்துல.

அத்தை பாத்துட்டு, தூணு இன்னும் கொஞ்சம் குட்டைன்னாவ. இப்ப அவங்களும் பாத்தவங்க. திருத்துனேன்.

ஜூலை 2, புதன்

செயலாளர் கடைக்கு வந்தாரு. இன்னும் ஒரு பலகை வேணுமாம். கேட்டுல மாட்ட. "மகளிர் உள்ளே வர அனுமதி இல்லை." இதுக்குச் சூரியன் வேண்டாம், சிவப்பு எழுத்தே போதும்னாரு. இத்தன வருசமா எழுதாமலே நடந்த வழக்கம், ஒரு பொம்பளை சட்டி தூக்கிட்டுப் போனதும் இப்ப போர்டு வேண்டியிருக்கு.

நான் பண்ண மாட்டேன்னேன். குரல் ரொம்பச் சாதாரணமா வந்துது. எனக்கே ஆச்சரியம்.

அவரு போனதும் ராஜதுரை அண்ணாச்சி தாண்டவம் ஆடுனாரு. "ஏலே, வியாபாரம்லே இது. அவரு சொல்லுதத அடிக்க வேண்டியது நம்ம தொழில். நாம என்ன நாட்டாமையா?" அப்ப நீங்களே அடிங்க அண்ணாச்சின்னு நாற்காலிய விட்டு எந்திரிச்சுட்டேன். அவரு உக்காந்தாரு. ஒத்த விரலால கீபோர்டுல எழுத்தத் தேட ஆரம்பிச்சாரு. நான் டீக்கடைக்குப் போயிட்டேன். வேலை போயிட்டுன்னுதான் நெனைச்சேன். போனா போகட்டும்.

ஜூலை 3, வியாழன்

வேலை போகல. காலைல அண்ணாச்சி நான் வந்ததக் கண்டுக்காத மாதிரி கணக்குப் பாத்துக்கிட்டு இருந்தாரு. செயலாளர் போன் வந்துது. பிரிண்ட் ஹெட் அடைச்சுக்கிச்சு, மெட்ராஸ்ல இருந்து சாமான் வரணும், எப்ப வரும்னு சொல்ல முடியாதுன்னு சத்தமாச் சொன்னாரு. அவருக்குப் பின்னாடி மிஷின் ஒரு ஜவுளிக்கடை பேனர அடிச்சுக்கிட்டு ஓடிக்கிட்டு இருக்கு.

போன வச்சிட்டு எம்மூஞ்சியப் பாக்காமச் சொன்னாரு: "எங்க அம்மையும் கேட்டா, எங்க அப்பா போனப்ப. அந்த எடம் எப்படிலே இருக்குன்னு. நான் ஒண்ணுமே சொல்லல. எனக்கு அப்ப லோடு இறக்குத சோலி."

 உளுந்தவடை வாங்கிட்டு வரச் சொன்னாரு.

ஜூலை 6, ஞாயிறு

திறப்பு விழா. நான் பண்ண மாட்டேன்னு அன்னைக்கு எந்திரிச்சுப் போனப்ப, இந்த பேனரையும் ராஜதுரை அண்ணாச்சியே பழைய பேனர்ல எழுத்த மாத்தி அடிச்சிருக்காரு. கேட்டுக்கு மேல பெருசாத் தொங்குது: புதுப்பிக்கப்பட்ட மயானம் திறப்பு விழா. கீழ, புரோட்டா கடை பேனர்ல இருந்து எடுக்காம விட்டது: அனைவரும் வருக! வருக! குடும்பத்துடன் வருக!

செயலாளர் மூஞ்சி வெளுத்துப் போச்சு. கூட்டத்துல ஒருத்தன், "குடும்பத்தோடயாம்லே, ஒரே வண்டியில வந்துருவோமா"ங்கான். நானும் சிரிச்சேன். சிரிச்சதும் வாயெல்லாம் கசந்துது. மார்ச்சுக்கு அப்புறம் இதான் முதல் சிரிப்பு.

பொன்மொழி எல்லாம் வரிசையா மாட்டியிருக்கு. நான் பண்ணுன அத்தன சூரியனும் ஒரே நேரத்துல மறையுது. பாக்கச் சகிக்கல. "நிச்சயமின்மையை நம்பு"க்குக் கீழ ஒரு பெரியவரு உக்காந்து கால் ஆணியச் சொறிஞ்சுக்கிட்டு இருந்தாரு. அவரு வாசிக்கல. ஒருத்தனும் வாசிக்கல. எங்கிட்ட இருந்து போன வேலையிலேயே கேவலமானது இதான். அழிக்கவும் முடியாது.

மேடை ரெண்டும் காஞ்சு வெள்ளையா இருந்துது. தொடல. பக்கத்துல நின்னேன். ரெண்டுக்கும் நடுவுல.

ஜூலை 23, புதன்

அத்தை வீட்டுக்குச் சாப்பிடப் போனா அங்கன இன்னொரு அம்மா உக்காந்திருந்தா. தங்கப்பழம்னு பேரு. அத்தைகூட நூல் சுத்துறவ. சொந்த ஊரு மேலநீலிதநல்லூர்ப் பக்கம். அவ மகன் கிணத்து மோட்டார்ல கரண்டு அடிச்சுப் போனவன். நாலஞ்சு வருசம் இருக்கும். அத்தை சுவத்துல ஆணி அடிச்சு மாட்டியிருந்த, நான் வரைஞ்ச படத்த நிமுந்து பாத்துக்கிட்டே இருந்தா.

அத்தைதான் பேசுனாவ. "இவளுக்கும் ஒண்ணு வரைஞ்சு குடுக்கணுமாம். அவ ஊரு எடத்த."

எனக்கு முதல்ல வந்தது எரிச்சல்தான். என்ன இது, இனி ஊருல உள்ள சுடுகாட்டையெல்லாம் நான் வரையணுமாக்கும்? வாய் வரைக்கும் வந்துட்டு. அந்த அம்மா எதுவும் கெஞ்சல. தனக்குத் தெரிஞ்சத மட்டும் சொன்னா: குளத்துக்கரையில இருக்காம், ஊருல இருந்து பாத்தா புகை மட்டும் தெரியுமாம். அந்தப் புகை எந்தப் பக்கமாச் சாஞ்சு போகும்னு கைய நீட்டிக் காட்டுனா. அவ்வளவுதான் அவ பாத்தது.

நான் அந்தப் பக்கம் போனதே இல்ல.

அண்ணாச்சிட்ட அரை நாள் லீவு சொல்லிட்டேன். எதுக்குன்னு கேட்டாரு, சொன்னேன். பெரிய துண்டா எடுத்துக்கோன்னு வெட்டாத பிளெக்ஸையே குடுத்துட்டாரு. காலைல முத பஸ்ஸுல போறேன். அங்கன எப்படி இருக்கும்னு தெரியல. போய் நின்னு பாத்துட்டுத்தான் வரையணும்.